நீதிமான் யாக்கோபு

கிறித்தவத் திருச்சபையின் தொடக்க காலம் என்றவுடன் நம் நினைவில் எழும் பெயர்கள் இரண்டு. ஒன்று பேதுரு, மற்றொன்று பவுல். உரோமை நகரில் அவ்விருவர் பெயராலும் எழுந்துள்ள பேராலயங்கள் உலகப் புகழ் வாய்ந்தவை. ஆயின் அவ்விருவரும் உயிரோடிருந்த நாளில் திருச்சபையின் தலைமையிடம் உரோமை அன்று, எருசலேமே ஆகும். அங்குத் தலைமை பூண்டிருந்தவர் மூன்றாமவர் ஒருவர். பேதுரு சிறையினின்று தப்பிய இரவில் செய்தி சொல்லியனுப்பியது அவருக்கே. பவுல் தம் நெடும் பயணங்களை முடித்து வந்து, தாம் ஆற்றிய பணிகளை விரித்துரைத்ததும் அவர் முன்னிலையிலேயே. இயேசுவின் சகோதரர் என்று கிறித்தவ மறைநூல் குறிப்பிடும் யாக்கோபுவே அவர். பின்வந்தோர் அவரை நீதிமான் என்று அடைமொழி கொடுத்து அழைத்தனர்.

இசுலாமியக் கல்லூரி ஒன்றின் தமிழ்த்துறை மலரில் இவர் வரலாறு எதற்கு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அவர்கட்கு ஒன்று கூறுவேன். மதீனா வந்த பின்னும் 16 அல்லது 17 மாதங்கள் பைத்துல் முகத்தஸை நோக்கித் தொழுதவர்கள் நம் முன்னோர். அந்நகரின் வரலாறு நமக்கு அயலார் வீட்டுக் கதை அன்று. ஈஸா நபி (அலை) அவர்களின் இறுதி குறித்து நம் கொள்கை வேறு, கிறித்தவர் கொள்கை வேறு என்பது யாவரும் அறிந்ததே. அவ்வழக்கினுள் இக்கட்டுரை புகவில்லை. அன்னார் இவ்வுலக வாழ்வினின்று மறைந்தபின் எருசலேமில் எஞ்சிய ஒரு சிறு கூட்டம் எவ்வாறு வாழ்ந்தது, அதனை நடத்திய மனிதர் எத்தகையர் என்பதே ஈண்டு நாம் காணப்புகுவது.

முதலில் பெயர்க்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இவர்தம் எபிரேயப் பெயர் யாக்கோவ். நாம் யஃகூப் என்று வழங்குவதும் அதுவே. இஸ்ராயீலரின் குலமுதல்வர் பெயர் ஆகலின், அக்காலத்து யூதர் இல்லங்களில் அது மிகுதியும் வழங்கியது. ஈஸா நபியின் சீடர் பன்னிருவருள்ளேயே யாக்கோபு என்னும் பெயருடையார் இருவர் இருந்தனர். அவருள் செபெதேயுவின் மகனாகிய யாக்கோபுவே நம் கடற்கரை ஊர்களில் சந்தியாகப்பர் என்னும் பெயரில் கோயில் கொண்டிருப்பவர். நம் கட்டுரைத் தலைவர் அவரல்லர். பன்னிருவருள் ஒருவரும் அல்லர் என்பதே ஆய்வாளர் பெரும்பாலோர் துணிபு.

சகோதரர் என்னும் சொல்லும் பெரும் வாதத்திற்கு இடமாயிற்று. மாற்கு எழுதிய நற்செய்தி நூல் யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என நால்வர் பெயரைச் சகோதரர் எனச் சுட்டுகிறது. இவர்கள் மர்யம் அம்மையாருக்குப் பின்னர்ப் பிறந்த மக்கள் என்பர் சீர்திருத்தச் சபையாருட் பலர். யோசேப்பின் முதல் மனைவியின் மக்கள் என்பது கீழைத் திருச்சபையாரின் பழங்கொள்கை. ஒன்றுவிட்ட உடன்பிறந்தார் என்பது எரோணிமுசு என்னும் அறிஞர் வகுத்துக் கத்தோலிக்கர் போற்றுவது. திருக்குர்ஆன் இவர்களைப் பற்றி எதுவும் பேசவில்லை. சிற்றப்பன் மகனையும் பெரியம்மா மகனையும் அண்ணன் தம்பி என்றே அழைத்துப் பழகிய தமிழர்க்கு இவ்வாதத்தின் கடுமை சற்று வியப்பாகவே தோன்றும். எவ்வாறாயினும், நாசரேத்தில் ஒரே குடும்பத்தில் வளர்ந்தவர் யாக்கோபு என்பதில் ஐயமில்லை.

உடன் வளர்ந்தவர்கள்தாம் முதலில் ஏற்கவில்லை. ஈஸா நபி ஊர் ஊராகச் சென்று போதித்த காலத்தில் அவர்தம் சகோதரர் அவரை நம்பவில்லை என்று கிறித்தவ நூல்களே வெளிப்படையாகக் கூறுகின்றன. சொந்த ஊரும் சுற்றமும் மறுத்த செய்தியைத் தூதர் பலர் வாழ்விலும் காண்கிறோம். பின்னர் யாக்கோபுவின் உள்ளம் மாறியது. ஒரு காட்சி அவருக்குக் கிட்டியது என்று பவுல் கொரிந்து நகரத்தார்க்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரியில் குறிக்கின்றார். புதிய ஏற்பாட்டில் அதற்குமேல் விரித்துரைப்பார் இலர். கி.பி. 30 அளவில் எருசலேமில் ஒரு மாடியறையில் கூடி வழிபட்ட சிறு குழுவில் அச்சகோதரரும் இருந்தனர்.

ஆலயத்தின் நிழலில்

அக்குழுவினரைக் கிறித்தவர் என்று அன்று எவரும் அழைத்திலர். அப்பெயரே பின்னர், சிரியா நாட்டு அந்தியோக்கியாவில் தோன்றியது. இவர்கள் யூதர்களாகப் பிறந்து, யூதர்களாகவே வாழ்ந்தனர். ஓய்வுநாளைப் பேணினர், ஆண் மக்களுக்கு எட்டாம் நாளில் கத்னா செய்தனர், தவ்ராத் விலக்கிய உணவை விலக்கினர். நாள்தோறும் ஆலயத்திற்குச் சென்றனர். பேதுருவும் யோவானும் ஒன்பதாம் மணி வேளைத் தொழுகைக்கு ஆலயம் சென்றதாகத் திருத்தூதர் பணிகள் என்னும் நூல் கூறும். அவ்வேளை நம் கடிகாரக் கணக்கில் பிற்பகல் மூன்று மணி. ஏறத்தாழ அஸருக்கு அணித்தான நேரம். ஏனைய யூதரினின்று இவர்களை வேறுபடுத்தியது ஒன்றே. வாக்களிக்கப்பட்ட மஸீஹ் வந்துவிட்டார் என்று இவர்கள் நம்பினர்.

உடைமைகளைப் பொதுவில் வைத்தனர். கைம்பெண்களுக்கு அன்றாடம் உணவு பகிர்ந்தளித்தனர். அப்பந்தியிலேயே முதற்பூசல் முளைத்தது. அராமைய மொழி பேசுவோர், கிரேக்க மொழி பேசுவோர் என யூதருள்ளேயே இருசாரார் இருந்தனர். தங்கள் கைம்பெண்கள் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்க மொழியினர் முறையிட, அவர்தம் குறை தீர்க்க எழுவர் அமர்த்தப்பட்டனர். அவ்வெழுவருள் ஒருவராகிய ஸ்தேவான் ஆலயத்தைப் பழித்துரைத்தார் என்னும் குற்றச்சாட்டுக்கு ஆளாகிக் கல்லெறிந்து கொல்லப்பட்டார். அதன்பின் பலர் சிதறி ஓடினர். திருத்தூதர் மட்டும் நகரை விட்டு நீங்கவில்லை. ஆலயத்தோடு ஒட்டி வாழ்ந்த அராமைய மொழியினரை அப்புயல் அவ்வளவாகத் தாக்கவில்லை என்று ஆய்வாளர் கருதுவர்.

கி.பி. 41 முதல் 44 வரை யூதேயாவை ஆண்ட ஏரோது அகிரிப்பா செபெதேயுவின் மகன் யாக்கோபுவை வாளால் வெட்டுவித்தான், பேதுருவைச் சிறையிலிட்டான். சிறை தப்பிய பேதுரு, யாக்கோபுவுக்கும் மற்றையோர்க்கும் இதனைத் தெரிவிக்குமாறு பணித்துவிட்டு வேற்றிடம் சென்றார். அந்நாள் தொட்டு எருசலேம் சபையின் பொறுப்பு நம் யாக்கோபுவின் கையில் வந்தது. பவுல் தம் கடிதத்தில் தூண்கள் எனப் பெயர்பெற்ற மூவரைக் குறிப்பிடுகையில் யாக்கோபு, பேதுரு, யோவான் என அடுக்குகின்றார். அவ்வரிசையில் முதலிடம் யாக்கோபுவுக்கே என்பது நோக்கத்தக்கது. பேதுருவும் பவுலும் ஊர் ஊராகச் சென்றனர். யாக்கோபுவோ நகரை விட்டு அகன்றதாக ஒரு குறிப்பும் இல்லை. வருவோர்க்கெல்லாம் வாயில் திறந்து, அவர் இருந்த இடத்திலேயே இருந்தார்.

எருசலேமில் கூடிய அவை

இனி இவர்தம் வாழ்வின் நடுநாயகமான நிகழ்ச்சிக்கு வருவோம்.

அந்தியோக்கியாவிலும் அதற்கு அப்பாலும் யூதரல்லாதார் பலர் இப்புதிய நெறியில் சேரத் தொடங்கினர். அவர்கள் கத்னா செய்துகொள்ள வேண்டுமா? மூஸா நபியின் சட்டம் முழுவதையும் மேற்கொள்ள வேண்டுமா? வேண்டும் என்றனர், பரிசேயர் மரபிலிருந்து வந்து சேர்ந்த சிலர். வேண்டா என்றார் பவுல். இவ்வழக்கைத் தீர்க்கக் கி.பி. 49 அளவில் எருசலேமில் அவை கூடியது. நெடுநேரம் வாதம் நடந்தது. பேதுரு பேசினார், பர்னபாவும் பவுலும் தம் அனுபவங்களை எடுத்துரைத்தனர். அனைவரும் பேசி அடங்கியபின் யாக்கோபு எழுந்தார். தீர்ப்பை உரைத்தவர் அவர்.

இறைவன்பால் திரும்பும் பிற இனத்தார்மீது பாரம் சுமத்தலாகாது. சிலைகளுக்குப் படைத்தவை, முறையற்ற பாலுறவு, கழுத்து நெரிக்கப்பட்டுச் செத்தவை, இரத்தம் ஆகிய நான்கினின்று அவர்கள் விலகியிருந்தால் போதும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். இது கடிதமாக எழுதப்பட்டு, அந்தியோக்கியா, சிரியா, சிலிசியா ஆகிய இடங்களுக்கு ஆள்வழி அனுப்பப்பட்டது.

இந்நான்கனுள் உணவு பற்றிய மூன்றையும் படிக்கும் முஸ்லிம் மாணவர் சற்றே நின்று நோக்குவர். அல்மாயிதா அத்தியாயம் விலக்கும் உணவுகளின் வரிசையில் இரத்தமும், கழுத்து நெரிபட்டுச் செத்ததும், அல்லாஹ் அல்லாதவர் பெயரால் அறுக்கப்பட்டதும் உள்ளன. இன்று கிறித்தவ உலகில் பெரும்பாலோர் இவ்வுணவு விலக்குகளை மறந்துவிட்டனர்; நாம் பேணி வருகிறோம்.

ஆயின் இத்தீர்ப்பின் நுட்பம் அதனினும் ஆழமானது. யாக்கோபு சட்டத்தைத் தளர்த்தி வெளியாரை உள்ளே விட்டார் என்றே பலரும் எழுதுகின்றனர். அஃது அவ்வாறன்று என்பதே என் கருத்து. தவ்ராத்தின் லேவியர் என்னும் பகுதியில், இஸ்ராயீலரிடையே வந்து தங்கி வாழும் அந்நியர்க்கென்றே சில விதிகள் உள்ளன. அவர்கள் பொய்த் தெய்வங்கட்குப் பலியிடலாகாது, இரத்தம் உண்ணலாகாது, விலக்கப்பட்ட உறவுகளில் கலத்தலாகாது. யாக்கோபு விதித்த நான்கும் இவ்விதிகளோடு நெருங்கி ஒத்திருத்தலை ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். அங்ஙனமாயின் அவர் சட்டத்தை மீறவுமில்லை, குறைக்கவுமில்லை. அந்நியரை எவ்வாறு நடத்துக என்று அச்சட்டமே கூறியதோ அவ்வாறே நடத்தினார். யூதர் யூதராகவே இருக்கலாம். பிறர் தம் இனத்தாராகவே இருந்து இறைவனை வணங்கலாம். வாயிலைத் திறந்தவர் வீட்டை இடித்தாரல்லர். தம் நெறியில் அணுவளவும் பிறழாத ஒருவரால்தான் பிறர்க்கு இத்துணைத் தாராளமாக இடம் விட முடிந்தது என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகிறது.

தீர்ப்பு எழுதுதல் எளிது. பந்தியில் அமர்தல் அரிது. பவுலின் கடிதம் ஒன்றால் அறியவரும் செய்தி இது. அந்தியோக்கியாவில் பேதுரு யூதரல்லாத நம்பிக்கையாளரோடு கூடி உண்டுவந்தார். யாக்கோபுவிடமிருந்து சிலர் வந்தனர். அவர்கள் வந்தபின் பேதுரு அஞ்சி ஒதுங்கிக்கொண்டார். பர்னபாவும் உடன் விலகினார். பவுல் அனைவர் முன்னிலையிலும் பேதுருவைக் கடிந்துகொண்டார். இதனைக் கொண்டு யாக்கோபுவைக் குறுகிய மனத்தினர் எனச் சாடுவாரும் உளர். அவரே விலகச் சொன்னார் என்று பவுலும் எழுதவில்லை. மேலும் நமக்குக் கிடைத்திருப்பது ஒரு தரப்பார் எழுதிய கடிதம் மட்டுமே என்பதை மறத்தலாகாது. பல சமயத்தார் கலந்து வாழும் ஊரில், யார் வீட்டில் எதனை உண்பது, எவ்வளவில் கை நனைத்து மரியாதையைக் காப்பது என்னும் இக்கட்டு எத்தகையது என்று நம்மவர்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏழைகளை மட்டும் மறவாதீர்கள் என்பது தூண்கள் மூவரும் பவுலிடம் கேட்டுக்கொண்ட ஒரே வேண்டுகோள். பவுல் அதனைச் சிரமேற்கொண்டு கிரேக்க நாட்டுச் சபைகளில் ஆண்டுக்கணக்கில் பொருள் திரட்டினார். கி.பி. 57 அளவில் அதனோடு எருசலேம் வந்து சேர்ந்தார்.

அவரை யாக்கோபுவும் மூத்தோரும் வரவேற்றனர். யூதருள் ஆயிரக்கணக்கானோர் நம்பிக்கை கொண்டுள்ளனர் என்றும், அவர்கள் அனைவரும் சட்டத்தில் பேரார்வம் உடையோர் என்றும் கூறினர். வெளிநாட்டு யூதர்க்கு மூஸா நபியின் சட்டத்தைக் கைவிடுமாறு பவுல் போதிப்பதாக ஊரில் பரவியிருந்த வதந்தியையும் எடுத்துரைத்தனர். அதனைப் பொய்யாக்க ஒரு வழியும் கூறினர். நேர்ச்சை பூண்ட ஏழையர் நால்வர் இருந்தனர். அவர்தம் தலைமழிப்புக்கும் பலிக்கும் ஆகும் செலவைப் பவுல் ஏற்று, அவர்களோடு தாமும் தூய்மைச் சடங்கு செய்துகொண்டு ஆலயத்துள் செல்க என்றனர். பவுல் இசைந்தார். ஆயின் யூதரல்லாத ஒருவரை ஆலயத்தின் உட்பகுதிக்கு அழைத்துச் சென்றார் என்று சிலர் கூக்குரலிட, நகரமே கொந்தளித்தது. உரோமைப் படைத்தலைவன் வந்து பவுலைச் சிறைப்படுத்தினான். அத்தடுப்பைத் தாண்டும் அந்நியர் தம் சாவுக்குத் தாமே பொறுப்பு என்று கிரேக்க மொழியில் பொறித்த எச்சரிக்கைக் கல்வெட்டு ஒன்று 1871-ஆம் ஆண்டில் எருசலேமில் கண்டெடுக்கப்பட்டு, இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

பவுல் கொண்டுவந்த பொருளை எருசலேம் சபையார் ஏற்றனரா என்பது பற்றித் திருத்தூதர் பணிகள் நூல் ஒரு சொல்லும் கூறவில்லை. இருவரும் மீண்டும் சந்தித்ததாகவும் செய்தியில்லை.

ஒட்டகத்தின் முழங்கால்

யாக்கோபுவின் தோற்றத்தையும் ஒழுக்கத்தையும் இரண்டாம் நூற்றாண்டினராகிய எகிசிப்பு என்பார் எழுதிவைத்தார். அவர் நூல் மறைந்துபோயிற்று. நான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யூசேபியு எடுத்தாண்ட பகுதிகளே எஞ்சியுள்ளன. யாக்கோபு மது அருந்தியதில்லை, புலால் உண்டதில்லை, தலையில் கத்தி பட்டதில்லை, எண்ணெய் பூசியதில்லை. மெல்லிய நாரினால் ஆன ஆடையே உடுத்தினார். தனியே ஆலயத்துள் சென்று மக்களின் பிழைபொறுக்குமாறு மண்டியிட்டு மன்றாடுவார். அவ்வாறு இடையறாது மண்டியிட்டமையால் அவர்தம் முழங்கால்கள் ஒட்டகத்தின் முழங்கால்போல் காய்த்துப் போயின என்கிறார் அவ்வாசிரியர். வரலாறும் புனைவும் கலந்த சித்திரம் இது எனினும், ஊரார் அவரை எவ்வாறு நினைவிற் கொண்டனர் என்பதை இது காட்டும்.

இப்பகுதியைப் படித்தபோது எனக்கு ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களின் பேரர் இமாம் ஜைனுல் ஆபிதீன் அவர்களின் நினைவு வந்தது. மிகுதியான ஸுஜூதினால் காய்ப்பேறிய உறுப்புகளை உடையவர் என்னும் பொருளில் துஸ்ஸஃபினாத் என்று அரபு மக்கள் அப்பெருமகனாரை அழைத்தனர். அச்சொல்லும் ஒட்டகத்தின் காய்த்த முழங்காலையே உவமையாகக் கொண்டது.

நீதிமான் என்னும் அடைமொழிக்கு எபிரேயத்தில் வழங்கும் சொல் சத்தீக். அபூபக்கர் (ரலி) அவர்களை நாம் சித்தீக் என்கிறோமே, அச்சொல்லும் இச்சொல்லும் ஒரே வேரின் கிளைகள். நேர்மை, வாய்மை என்று பொருட்சாயல் சிறிது வேறுபடும். தமிழும் அதன் கிளைமொழிகளும்போல எபிரேயமும் அராமையமும் அரபும் ஒரு குடும்பத்தன என்பதை மொழியியல் பயிலும் மாணவர் அறிவர்.

அவர் பெயரால் ஒரு கடிதமும் புதிய ஏற்பாட்டில் உள்ளது. அதன் கிரேக்க நடை மிகச் செப்பமாக அமைந்திருத்தலின், நாசரேத்துக்காரர் ஒருவர் எழுதியிருக்க இயலுமோ என்று ஐயுறுவாரும் உண்டு. அவர் போதனைகளைப் பிறர் தொகுத்தனர் எனக் கொள்வாரும் உண்டு. உள்ளடக்கத்தில் யூத மணம் கமழ்கிறது. சிதறி வாழும் பன்னிரு குலத்தார்க்கு என்றே அது தொடங்குகிறது. நம்பிக்கையாளர் கூடுமிடத்தை யூதரின் தொழுகைக்கூடத்தைக் குறிக்கும் சொல்லாலேயே சுட்டுகிறது. பொன் மோதிரக்காரனுக்கு நல்ல இருக்கையும் கந்தலுடுத்தவனுக்குக் காலடியும் கொடுப்பதைக் கண்டிக்கிறது. வயலை அறுத்த கூலியாட்களின் கூலியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் செல்வரைச் சாடுமிடத்தில் அதன் குரல் இடிபோல் ஒலிக்கிறது. இப்ராகீம் நபியை இறைவனின் நண்பர் என்று கூறுகிறது. நாமும் கலீலுல்லாஹ் என்கிறோம். பொறுமைக்கு அய்யூப் நபியை எடுத்துக்காட்டுகிறது. செயலின்றித் தனித்து நிற்கும் நம்பிக்கை செத்தது என்பது அதன் மையக் கருத்து. நம்பிக்கை ஒன்றாலேயே மீட்பு என்று முழங்கிய மார்ட்டின் லூதருக்கு இது ஒவ்வாமற் போயிற்று. 1522-இல் தாம் வெளியிட்ட மொழிபெயர்ப்பின் முன்னுரையில் இதனை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். ஈமானையும் நற்செயலையும் இணைத்தே ஓதிவரும் நமக்கு இக்கடிதம் அயன்மையாகத் தோன்றாது.

கி.பி. 62

யாக்கோபுவின் முடிவைக் கிறித்தவரல்லாத ஒருவரும் எழுதிவைத்துள்ளார் என்பது நாம் பெற்ற பேறு. யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எருசலேமிலேயே கி.பி. 37-இல் பிறந்தவர். யாக்கோபு இறந்தபோது அவருக்கு வயது 25 அளவில் இருக்கும். கி.பி. 93 அளவில் முடித்த யூதர் தொல்வரலாற்றில் அவர் உரைப்பது வருமாறு:

யூதேயாவின் உரோமை ஆளுநன் பெஸ்து பதவியில் இருக்கும்போதே இறந்தான். அவனுக்குப் பின் அமர்த்தப்பட்ட அல்பினு இன்னும் வந்து சேரவில்லை. அவ்விடைவெளியில் புதிதாகத் தலைமைக்குரு பதவி பெற்றவன் அனான் என்பான். பெருஞ்செல்வக் குருகுலத்தில் பிறந்தவன். தண்டனை வழங்குவதில் கடுமை மிக்க சதுசேயர் கட்சியினன். தக்க தருணம் இது எனக் கருதி, நீதிமன்றத்தைக் கூட்டினான். கிறித்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர் யாக்கோபுவையும் வேறு சிலரையும் அங்கு நிறுத்தினான். சட்டத்தை மீறினர் என்று குற்றம் சாட்டிக் கல்லெறிந்து கொல்ல ஒப்புவித்தான்.

சட்டத்தைக் காப்பதே வாழ்வாகக் கொண்டிருந்தவர்மீது சட்டத்தை மீறினார் என்று குற்றச்சாட்டு!

இனி ஜோசிபஸ் கூறுவதுதான் மிக இன்றியமையாதது. நகரத்தாருள் நடுநிலை உடையோரும் சட்டத்தைப் பேணுவதில் கண்டிப்பு உடையோருமாய் விளங்கியவர்கள் இச்செயலால் மனம் நொந்தனர். அவர்கள் யாக்கோபுவின் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர். பரிசேயராகவே இருத்தல் வேண்டும் என்பர் ஆய்வாளர். இத்தகைய செயல் இனி நிகழாது தடுக்குமாறு இரண்டாம் அகிரிப்பா அரசனுக்கு மறைவாக ஆள் அனுப்பினர். அவருள் சிலர், அலெக்சாந்திரியாவிலிருந்து வந்துகொண்டிருந்த புதிய ஆளுநனை வழியிலேயே எதிர்கொண்டு, அவன் இசைவின்றி நீதிமன்றத்தைக் கூட்ட அனானுக்கு உரிமையில்லை என்று முறையிட்டனர். அல்பினு சினந்து கடிதம் எழுதினான். மூன்று மாதமே பதவியிலிருந்த அனானை அகிரிப்பா நீக்கினான்.

யூதர்கள் ஈஸா நபியின் கூட்டத்தாரைக் கொன்றனர் என்று பொதுப்படக் கூறிப் பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் பகை வளர்த்தோர் இப்பகுதியை எவ்வாறு படித்தனரோ, அறியேன். கொன்றவனும் யூதன், நீதி கேட்டுப் பாலை வழியே நடந்தவர்களும் யூதர்களே. ஒரு மனிதரின் கொலையை அவர் கொள்கையை ஏற்காதவர்களே தட்டிக் கேட்டனர் என்பதைவிட அம்மனிதரின் வாழ்வுக்கு வேறு சான்று வேண்டுமா?

எகிசிப்பு இதே முடிவை வேறுவகையாகக் கூறுகிறார். யாக்கோபுவை ஆலயத்தின் உச்சியினின்று தள்ளினர், அவர் மண்டியிட்டுத் தம்மைக் கொல்வோர்க்காக மன்றாடினார், கல்லெறிந்தனர், இறுதியில் துணி வெளுப்போன் ஒருவன் தன் தடியால் தலையில் அடித்தான் என்பது அவர் தரும் செய்தி. வரலாற்று ஆய்வாளர் ஜோசிபஸ் கூற்றையே மிகுதியும் நம்புவர்.

அனானின் கதை வேறொரு திருப்பம் கொண்டது. கி.பி. 66-இல் உரோமைக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தபோது நகரின் தலைவர்களுள் ஒருவனாக அவன் விளங்கினான். தீவிரப் பிரிவினரை எதிர்த்து நின்று கி.பி. 68-இல் கொல்லப்பட்டான். இளமையில் எழுதிய போர் வரலாற்றில் ஜோசிபஸ் அவனை வானளாவப் புகழ்கிறார். அவன் இறந்த நாளிலேயே நகரின் அழிவு தொடங்கியது என்கிறார். முதுமையில் எழுதிய நூலில்தான் அவன் துணிச்சலும் கொடுமையும் இடம்பெறுகின்றன. வரலாறு எழுதுவோர்க்கு வயதும் ஒரு மூலச்சான்று போலும்.

எஞ்சியோர்

கி.பி. 70-இல் தீத்துவின் படை ஆலயத்தை எரித்தது. அதற்கு முன்னரே யாக்கோபுவின் கூட்டத்தார் யோர்தானுக்குக் கிழக்கே பெல்லா என்னும் ஊருக்குச் சென்றுவிட்டனர் என்று யூசேபியு எழுதுகிறார். இன்றைய யோர்தான் நாட்டிலுள்ள அவ்வூரை அரபு வரலாற்றாசிரியர் ஃபிஹ்ல் என்பர், கி.பி. 635-இல் முஸ்லிம் படைகள் பைசாந்தியரை வென்ற களம் அதுவே.

யாக்கோபுவுக்குப் பின் அவர்தம் உறவினர் சிமியோன் தலைமை ஏற்றார். யாக்கோபுவின் உடன்பிறந்தாராகிய யூதாவின் பேரர் இருவரைப் பற்றி எகிசிப்பு சொல்லும் ஒரு செய்தி உள்ளத்தைத் தொடுவது. தாவூது நபியின் வழித்தோன்றல்கள் கிளர்ச்சி செய்வரோ என அஞ்சிய உரோமைப் பேரரசன் தொமித்தியன், இவர்களைத் தன்முன் நிறுத்தினானாம். உங்கள் உடைமை யாது என வினவினான். இருவர்க்கும் சேர்த்து 9,000 தெனாரி மதிப்புள்ள நிலமே உண்டு. அதனைத் தாமே உழுது வரி செலுத்தி வாழ்வதாக விடையிறுத்தனர். சான்றாகத் தம் கைகளை விரித்துக் காட்டினர். உழைப்பால் அவை காய்த்திருந்தன. பேரரசன் இவர்களை எளியோர் என இகழ்ந்து விடுத்தான்.

கி.பி. 132 முதல் 135 வரை யூதர் நிகழ்த்திய இரண்டாம் பெருங்கிளர்ச்சியும் வீழ்ந்தபின், பேரரசன் ஹாத்ரியன் எருசலேமின் பெயரையே ஏலியா என மாற்றி, யூதர் அங்குக் கால்வைத்தலாகாது என ஆணையிட்டான். அதுவரை எருசலேம் சபைக்குத் தலைவராயிருந்த பதினைவரும் கத்னா செய்யப்பட்ட யூதர்களே என்று யூசேபியு பட்டியல் தருகிறார். அதன்பின் வந்தவர் யூதரல்லாதார். கோடி இட்டாற்போல் அம்மரபு அங்கு முடிந்தது. நகருக்கு வெளியே சிரியாவிலும் யோர்தானுக்கு அப்பாலும் நசரேயர் என்றும் எபியோனியர் என்றும் சிறு குழுக்கள் சில நூற்றாண்டுகள் தவ்ராத்தையும் பேணி, ஈஸாவையும் ஏற்று வாழ்ந்தன. எபியோனியர் என்பதற்கு ஏழைகள் என்று பொருள். தொழுகைக்கூடத்தார் இவர்களை அந்நியராக எண்ணினர். திருச்சபையார் வழிதவறியோர் பட்டியலில் சேர்த்தனர். யூதராகவும் கிறித்தவராகவும் ஒருங்கே இருக்க விரும்பி, இரண்டுமாக இல்லாது போயினர் என்று ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர் எரோணிமுசு எழுதினார். யாக்கோபு உயிரோடிருந்த நாளில் அவ்விரண்டும் வெவ்வேறாக இருந்தன அல்ல என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2002-ஆம் ஆண்டில், யோசேப்பின் மகனும் இயேசுவின் சகோதரனுமாகிய யாக்கோபு என்று அராமையத்தில் பொறிக்கப்பட்ட எலும்புப் பேழை ஒன்று வெளிப்பட்டு உலகெங்கும் பரபரப்பை ஊட்டியது. அடுத்த ஆண்டே அப்பொறிப்பு போலி என இசுரேலியத் தொல்பொருள் துறையினர் அறிவித்தனர். நெடுநாள் நடந்த வழக்கில் 2012-இல் பேழையின் உடைமையாளர் மோசடிக் குற்றச்சாட்டினின்று விடுவிக்கப்பட்டார். ஆயினும் பொறிப்பு உண்மையானது என்று நீதிமன்றம் உறுதி கூறவில்லை. அறிஞர் வாதம் ஓய்ந்தபாடில்லை.

எருசலேமின் பழைய நகரில், அர்மீனியர் வாழும் பகுதியில் யாக்கோபு பெயரால் ஒரு பேராலயம் நிற்கிறது. அங்கு ஒருபுறம் செபெதேயுவின் மகன் யாக்கோபுவின் தலையும், நடுப்பீடத்தின் கீழ் நீதிமான் யாக்கோபுவின் உடலும் அடங்கியுள்ளன என்பது அர்மீனியர் நம்பிக்கை. பெயரால் ஒன்றாகிய இருவரும் ஒரே கூரையின்கீழ்த் துயில்கின்றனர். அவ்வாலயத்தினின்று சிறிது தொலைவு கிழக்கே நடந்தால், யாக்கோபு மண்டியிட்ட ஆலயம் நின்ற மேடை வரும். அங்கே அல்அக்ஸா பள்ளிவாசலும் பொற்குவிமாடமும் உள்ளன.